குறை சொல்லும் வாய்

கதவைச் சாத்தியாயிற்று. சாத்திய கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான் சென்னியப்பன். ஒட்டுப்பலகைக் கதவு, மேலே தேக்கு மாதிரி ஒரு தாளை ஒட்டி ஏமாற்றியிருக்கிறான், அடிப்பக்கம் ஈரம் ஏறி உப்பிப் பிரிந்து கிடக்கிறது, மூன்று கீலில் ஒன்று வேறு கம்பெனி. சும்மா கொடுத்தால்கூட வண்டியில் தூக்கிப் போடமாட்டான் இந்தக் கதவை. எதைப் பார்த்தாலும் கண் நேராக ஓட்டையில்தான் போய் நிற்கும். பழைய வண்டி வாங்கி விற்றே தேய்ந்த கண். ஈரோட்டில் அவன் பட்டறைக்கு வருகிற டெம்போவோ மினி லாரியோ கேட்டைத் தாண்டி முன்சக்கரத்தை உள்ளே வைப்பதற்குள் அதற்கு என்ன சீக்கு என்று சொல்லிவிடுவான். இந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிற தன் மகளுக்கு என்ன சீக்கு என்றுதான் அவனுக்குத் தெரியவில்லை. மிதுனா. பத்தாவது படிக்கிறாள், படித்துக்கொண்டிருந்தாள். எதிரே ஜெசிந்தா மேடம். டாக்டரா என்றால் டாக்டர் இல்லை, ஊசி இல்லை, மாத்திரை இல்லை, பிள்ளைகளோடு பேசிப் பேசியே மனசைச் சரிபண்ணுகிற படிப்பாம். பேசி முடிந்ததும் இன்றைக்கு அவனையும் உள்ளே கூப்பிடுவார்கள். கூப்பிட்டால் போய், மகளின் முகத்தைப் பார்த்து, அவளைப் பற்றி ஒரே ஒரு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேலை. அதற்குத்தான் உள்ளங்கை இப்படி வேர்த்துக் கொட்டுகிறது.

போன வாரம் அந்தம்மா தனியாகக் கூப்பிட்டு இதைச் சொன்னபோது அவனுக்குச் சிரிப்புத்தான் வந்தது. அதற்கு முன்னாலேயே ஒரு சண்டை போட்டு முடித்திருந்தான். "எத்தன நாள்ல சரியாகுமுங்க, அத மட்டும் சொல்லிப்போடுங்க," என்று கேட்டதற்கு, "சார், இது வண்டி ரிப்பேர் இல்லையே," என்றது அந்தம்மா. வந்ததே கோபம். "வண்டியா இருந்தா நானே பிரிச்சுப் போட்டுப் பாத்திருப்பனுங்க, உங்க வாசல்ல எதுக்கு வந்து நிக்கறேன்?" என்று மேசையில் ஒரு தட்டுத் தட்டினான். பேனா உருண்டு கீழே விழுந்தது. அந்தம்மா குனிந்து எடுத்துக்கொண்டு, "தட்டுங்க, பரவால்ல. வர்ற அப்பாமாரு எல்லாரும் அதைத்தான் தட்டுறாங்க, மேசைக்குப் பழகிருச்சு," என்றது, தெற்கத்திப் பேச்சில், கொஞ்சமும் அசராமல். ஒரு நிமிசம் அவனுக்கே பிடித்துப்போயிற்று. இந்தப் பொம்பளை பட்டறையில் இருந்தால் நல்ல பேரம் பேசும் என்று தோன்றியது. பிறகுதான் சொன்னது. "அடுத்த வாரம் கடைசியில உங்களைக் கூப்பிடுவேன். மிதுனாகிட்ட ஒரு நல்ல விஷயம் சொல்லுங்க. உங்களுக்கு நெசமாத் தோணினது. ஒண்ணு போதும். 'ஆனா' மட்டும் போடக் கூடாது." அவன் சிரித்தான். "இதுக்கா இத்தன படிச்சுட்டு ரூம் போட்டு உக்காந்திருக்கறீங்க?" "அப்ப லேசான வேலைதானே சார்," என்றது அந்தம்மா. லேசான வேலை. அன்று சாயங்காலமே ஒரு லாரியை அரைமணி நேரத்தில் பேசி முடித்தவன், இந்த ஒரு வாக்கியத்தை வாரம் முழுக்கப் பேசியும் முடிக்கவில்லை. குளிக்கும்போது ஆரம்பிப்பான், பாதியில் சோப்பு கண்ணில் போகும். சோற்றைப் பிசையும்போது ஆரம்பிப்பான், வளர்மதி, "ஏனுங்க, ஆருகிட்டப் பேசறீங்க?" என்பாள். பெண்டாட்டிக்குக்கூடச் சொல்லவில்லை என்னவென்று.

நீ நல்லாப் படிக்கற கண்ணு. இது ஒன்று. படிக்கிறாள்தான், தமிழிலும் அறிவியலிலும் கெட்டிக்காரி, ஆனா கணக்கு... பார், வந்துவிட்டது. வாசல்படியிலேயே உட்கார்ந்திருந்ததுபோல வந்துவிடுகிறது அந்த ஆனா. சரி, நீ நல்லாப் படம் வரையற. வரைகிறாள், அது நெசம், பட்டறைச் சுவரில் கரிக்கட்டியால் ஒரு தடவை ஒரு லாரியை எழுதி வைத்திருந்தாள், ஏறி உட்கார்ந்து ஓட்டிவிடலாம் போலிருந்தது, வந்தவன் போனவனெல்லாம் நின்று பார்த்தான். அன்றைக்கு அவன் என்ன சொன்னான்? "செவுத்தக் கெடுத்து வெச்சிருக்கறா பாரு." சொல்லிவிட்டு உள்ளே போய் ஆபீஸ் ஜன்னல் வழியாக அந்த லாரியைப் பார்த்துக்கொண்டே இருந்தான், டீ ஆறிப்போகும்வரை. அதை யார் பார்த்தது? யாரும் பார்க்காமல் பார்த்ததெல்லாம் சேருமா? பின்னால் சுண்ணாம்பு அடித்தபோது அந்த இடத்தை மட்டும் விடச் சொல்லலாம் என்று நினைத்தான், சொல்லவில்லை, அடித்துவிட்டார்கள். இப்போது போய் நீ நல்லா வரையற என்றால் அவள் அந்தச் சுவரைத்தான் நினைப்பாள். வேண்டாம், அது வேண்டாம். நீ நல்ல பொண்ணு. சீ. நாய்க்குட்டியைத் தடவுகிற மாதிரி இருக்கிறது.

மேலே மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒரு தடவை டொக் என்றது. பேரிங் போய்விட்டது. ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் தீர்கிற சீக்கு, யாருக்கும் தோன்றவில்லை. எழுந்து போய் அந்த ரிசப்ஷன் பிள்ளையை நாலு கேள்வி கேட்கலாமா என்று உடம்பு துடித்தது. தொடையில் கையை வைத்து அழுத்திக்கொண்டான். கதவுக்குள்ளிருந்து சத்தம் வந்தது. பேச்சுச் சத்தம். அந்தம்மா குரல் இல்லை. நிற்காமல், மேடும் பள்ளமுமாக, ஒரு சின்னக் குரல். மிதுனா பேசிக்கொண்டிருக்கிறாள். வீட்டில் "ம்", "வேண்டாம்", "தூக்கம் வருது" என்பதைத் தவிர வாயைத் திறக்காதவள் இங்கே பொழிந்துகொண்டிருக்கிறாள். வார்த்தை எதுவும் காதில் நிற்கவில்லை, ஓடுகிற தண்ணீர்ச் சத்தம் மாதிரி சத்தம் மட்டும். சந்தோசப்பட வேண்டியதுதானே? சந்தோசம் வரவில்லை. என்ன சொல்கிறாள் இவ்வளவு நேரம்? யாரைப் பற்றி? வேறு யாரைப் பற்றி இருக்கும். உள்ளே தன்னைத்தான் பிரித்துப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், இது தேய்ந்திருக்கிறது, இது ஒட்டுப் போட்டது, இது வாங்கும்போதே விரிசல் என்று. அவன் ஆயிரம் வண்டியைச் சுற்றி வந்திருக்கிறான் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு. அந்த வண்டிக்காரன்கள் எல்லாரும் ஒரு ஓரமாக நின்று பார்ப்பார்களே, தன் வண்டியை இன்னொருத்தன் தட்டித் தட்டிப் பார்ப்பதை, அந்த முகம் இப்போது தனக்கு வந்திருக்கும் என்று நினைத்தான். வந்திருக்கட்டும். பேசட்டும். பேசி அவளுக்குச் சோறு இறங்கினால் போதும்.

"உள்ளாற போனது உங்க பொண்ணுங்களா?" பக்கத்து நாற்காலியில் ஒரு அம்மா. பவானிப் பக்கமாம், அவள் மகன் இருட்டைக் கண்டால் அலறுகிறானாம், தாத்தா செத்ததிலிருந்து. போன வாரமும் இதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தாள். சென்னியப்பன் தலையை ஆட்டினான். "மூக்கும் முழியுமா எத்தன லட்சணமா இருக்குது பாருங்க," என்றாள் அந்தம்மா. அவன் யோசிக்கவே இல்லை. யோசிக்கிற இடத்துக்கு அது போகவே இல்லை, நேராக நாக்கிலிருந்தே கிளம்பியது. "லட்சணம் கெடக்குது போங்க. நெறமும் மட்டு, வளத்தியும் மட்டு. ஒரு வேலை சொன்னா பொழுது உழுந்துரும்." பவானிக்காரம்மா அவனை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தாள். "ஏனுங்ணா, நான் என்ன பொண்ணு கேட்டா வந்திருக்கறேன்? இந்தப் போடு போட்டுக் கொறை சொல்றீங்க?" சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். ரிசப்ஷன் பிள்ளையும் கம்ப்யூட்டருக்குப் பின்னால் சிரித்தது. "சும்மா உக்காருங்கம்மா," என்று எரிந்து விழுந்தான். அந்தம்மா முகம் சுண்டிப்போய் கைப்பையைத் திறந்து எதையோ தேடினாள். அவனுக்குக் காதெல்லாம் கொதித்தது. எதற்கு இந்தம்மாவைக் கடிக்க வேண்டும்? இந்தம்மா என்ன தப்பாகச் சொல்லிவிட்டாள்? வாரம் முழுக்க ஒரு நல்ல வார்த்தைக்கு அலைகிறவன் மடியில் அடுத்தவள் ஒன்றைக் கொண்டுவந்து போட்டாள், அதை ஆமாங்க என்று எடுத்துக்கொள்ளத் தெரியவில்லை. கதவு சாத்தியிருந்ததே, அது மட்டும் புண்ணியம். கேட்டிருக்காது. பேச்சுச் சத்தம் நிற்கவில்லை, கேட்டிருக்காது. கேட்டால்தான் என்ன, அவள் கேட்காததா.

இந்த வாயை அவன் பிறக்கும்போது கொண்டுவரவில்லை. லாரியில் கிளீனராக ஏறியபோது அவனுக்கு மீசை முளைக்கவில்லை. டிரைவர் ஸ்பேனரை வீசினால் குனிந்துகொள்ளத் தெரிந்த அளவுக்குத்தான் புத்தி. குனிந்து, நிமிர்ந்து, பத்துப் பன்னிரண்டு வருசம் பல்லைக் கடித்து, சொந்தமாக ஒரு வண்டி வாங்கப் போனான் கரூருக்கு. பச்சை மெட்டடோர் வேன். அதைப் பார்த்ததும் மேலெல்லாம் புல்லரித்துவிட்டது. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் தடவினான், கண்ணாடியைத் துடைத்தான், சீட்டில் உட்கார்ந்து கண்ணை மூடினான். விற்கிறவன் வெற்றிலையை மென்றுகொண்டு தூணில் சாய்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தான், ஒரு வார்த்தை பேசவில்லை, பேச வேண்டியிருக்கவில்லை. ஊர் வந்து சேர்வதற்குள் எஞ்சின் பிளாக் விரிசல் என்று தெரிந்துபோயிற்று. திரும்பப் போய்க் கேட்டபோது அந்த ஆள் சொன்னான்: "கண்ணுல அத்தன ஆசைய வெச்சுக்கிட்டு யாவாரத்துக்கு வரலாமா தம்பி?" அடிக்கப் போனான், நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள். அன்றைக்குச் சாத்தினான் கண்ணை. வேண்டும் என்கிற சாமானைப் பார்த்தால் கொட்டாவி விட வேண்டும். நெஞ்சு எவ்வளவுக்கு அடித்துக்கொள்கிறதோ அவ்வளவுக்கு உதட்டைப் பிதுக்க வேண்டும். இத வெச்சு என்னங்க பண்றது, ஆக்கருக்குத்தான், பழைய இரும்புக்குத்தான் போடோணும் என்று சொல்லிவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசல்வரை நடக்க வேண்டும். அவன் வாயில் எவ்வளவு வசவு விழுகிறதோ அவ்வளவு பிரியம் அந்த வண்டிமேல் என்று அவன் பட்டறைப் பையன்களுக்கெல்லாம் தெரியும். மகளுக்குத் தெரியாதா? அங்கேயே டயர்மேல் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதி வளர்ந்தவள்தானே, தெரிந்திருக்க வேண்டாமா?

யாவாரம் மட்டும் என்றாலும் பரவாயில்லை. அவளுக்கு மூன்று வயசில் காங்கேயத்தில் ஒரு கல்யாணம். பட்டுப்பாவாடை கட்டிக்கொண்டு மண்டபம் முழுக்க ஓடியது. எவளோ ஒருத்தி, பேர்கூடத் தெரியாது, கன்னத்தைக் கிள்ளி, தங்கச் செலையாட்ட இருக்குது என்றாள். வீட்டுக்கு வந்ததும் காய்ச்சல், உடம்பு விறைத்து, கண் மேலே சொருகி, பல் கிட்டி. பெரியாஸ்பத்திரி வராண்டாவில் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினானே, அந்தச் சின்ன உடம்பு தோசைக்கல்லாட்டம் சுட்டதே, அந்தச் சூடு இன்னும் இந்தத் தோளில் இருக்கிறது. தொட்டுப் பார்த்துக்கொண்டான். பிழைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து எவன் வாயைத் திறந்து அவளைப் புகழ வந்தாலும் அதற்கு முன்னால் இவன் முந்திக்கொள்வான். மற்றவர்கள் பிள்ளைக்குக் கன்னத்தில் மைப்பொட்டு வைக்கிறார்கள். அவன் தன் நாக்கை வைத்தான். கறுப்பி, கட்டச்சி, மந்தம், தூங்குமூஞ்சி. வைக்க வைக்க அவள் நன்றாக வளர்ந்தாள், ஒரு காய்ச்சல் இல்லை, ஒரு தலைவலி இல்லை. பொட்டு வேலை செய்கிறது என்று நினைத்தான். பொட்டு கன்னத்தோடு நிற்காமல் உள்ளே இறங்கிக்கொண்டிருக்கிறது என்று ஆருக்குத் தெரியும்.

தை நோம்பிக்கு மச்சினன் வீட்டு ஆட்கள் வந்திருந்தார்கள். மிதுனா டீ கொண்டுவந்து கொடுத்தாள். பெரிய பொண்ணாயிட்டாளே, நல்ல களை வந்துருச்சே என்று யாரோ ஆரம்பித்தார்கள். அவன் விடுவானா. "களையா? பொங்கலுக்கு வெள்ளையடிச்சா பழைய வூடும் பளபளங்கும். இவளத் தள்ளி உடறதுக்குள்ள எஞ்சொத்தே கரைஞ்சுரும்," என்றான். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். டம்ளரை எல்லாம் திரும்ப எடுத்து அடுக்கிக்கொண்டு, சிரித்துக்கொண்டே உள்ளே போனாள். அந்தச் சிரிப்பைத்தான் அவனால் தாண்ட முடியவில்லை, எந்தப் பக்கமாகப் போனாலும் அதில்தான் வந்து இடிக்கிறது. அழுதிருந்தால் அதட்டியிருப்பான், முறைத்திருந்தால் ஒரு அறை விட்டிருப்பான், பிறகு கடைக்குப் போய்ப் பஜ்ஜி வாங்கிக்கொண்டு வந்திருப்பான். சிரித்தவளை என்ன செய்வது? மாசி மாசம் ஒரு சாயங்காலம் மொட்டைமாடியில் துணி எடுக்கப் போன வளர்மதி, கைப்பிடிச் சுவர்மேல் ஏறி வெளிப்பக்கமாகக் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவளை இடுப்போடு கட்டி இழுத்து விழுந்தாள். தாயும் மகளும் ஈரத் துணிமேல் கிடந்தார்கள். ஏங்கண்ணு, ஏஞ்சாமி என்று வளர்மதி கேட்டதற்கு அவள் சொன்ன ஒரே பதில்: "அப்பாவுக்கு நான் நட்டந்தானம்மா." வளர்மதி அதை அப்படியே வந்து அவனிடம் சொன்னாள். சொல்லும்போது அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அன்றைக்கு அவன் மாடிக்குப் போய் அந்தச் சுவரில் கையை வைத்துக்கொண்டு நின்றான். இடுப்பு உயரம்கூட இல்லை. கட்டும்போது கொத்தன் இன்னும் இரண்டு வரி செங்கல் வைக்கலாங்களா என்று கேட்டான், இவன்தான் போதும் என்றான்.

எழுந்து நடந்தான். சுவரெல்லாம் பிள்ளைகள் வரைந்த படங்களை ஒட்டியிருக்கிறார்கள். வாய் இல்லாத ஒரு முகம், ஒரு கறுப்பு மரம், யானை மாதிரி ஒரு அம்மா. பினாயில் வாடை. இப்போது வீட்டில் எல்லாரும் அவளைச் சுற்றிப் பூனை மாதிரி நடக்கிறார்கள். பல்லடத்திலிருந்து அவன் தங்கச்சி தினம் கூப்பிட்டு, "அண்ணா, கொஞ்ச நாளைக்குப் புள்ளைய எங்கிட்ட உடுங்க, எடம் மாறுனா மனசு மாறும்," என்கிறாள். வளர்மதிக்குச் சம்மதம்தான் போலிருக்கிறது. அவன் பார்க்கலாம் பார்க்கலாம் என்று தள்ளிக்கொண்டிருக்கிறான். அவள் இல்லாத வீட்டுக்குள் எப்படிப் போவது? சரி, அதை விடு, வார்த்தையைத் தேடு, நேரம் ஆகிவிட்டது. புகழத் தெரியாதா அவனுக்கு? நாள் முழுக்கப் புகழ்கிறவன்தான். வாங்கும்போதுதான் பிதுக்கல், விற்கும்போது கேட்டுப் பாருங்கள். ஒரே கை ஓட்டுனதுங்க. ஒரு கீறல் பாக்க முடியாது. வூட்டுப் புள்ளையாட்ட வெச்சிருந்தோம், மனசே இல்லாமத் தர்றோம். நின்றுவிட்டான். நல்லது சொல்ல என்று அவனிடம் இருப்பதெல்லாம் இவ்வளவுதானா? எல்லாம் பட்டறைக் கேட்டுக்கு வெளியே போகிற சாமானுக்குச் சொல்கிற வார்த்தை. இந்த வார்த்தைகளை அவளுக்குச் சொல்ல முடியாது, வேறு வார்த்தையை யாரிடம் போய்க் கேட்பது, அவனுக்கு அப்பன் ஒரு நல்ல சொல் சொன்னதுண்டா, டிரைவர் சொன்னதுண்டா. வாய் உலர்ந்துபோயிற்று. தண்ணீர்க் கேனில் டம்ளரைப் பிடித்தான், நிரம்பி வழிந்ததைக் கவனிக்காமல் சட்டையில் கொட்டிக்கொண்டான். ஓடிவிடலாம் என்று தோன்றியது. கீழே போய் வண்டியை எடுத்துக்கொண்டு, பார்ட்டி வந்துருச்சுங்க மேடம், அடுத்த வாரம் பாக்கலாம் என்று ஒரு போன். அப்போதுதான், வண்டி என்று நினைத்ததும்தான், அது வந்தது.

அவன் தினம் வீட்டுக்கு ஒரே வண்டியில் போகிறவன் இல்லை. அன்றைக்குப் பட்டறையில் எது நிற்கிறதோ, எதை ஓட்டிப் பார்க்க வேண்டுமோ அதில் போவான். இன்றைக்கு டெம்போ, நாளைக்கு ஜீப், ஒரு தடவை சவ வண்டி, வளர்மதி ஒப்பாரி வைத்துவிட்டாள். எதில் போனாலும் ஹாரன் அடிப்பதற்கு முன்னாலேயே வீட்டுக் கேட் திறந்திருக்கும். மிதுனா இரண்டு கையாலும் கேட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டே பின்னால் போவாள், கம்பியில் ஒரு காலை வைத்து ஏறிக்கொண்டு ஒரு சவாரி. ஏழெட்டு வயசிலிருந்து. தெருவில் எத்தனையோ வண்டி போகும், ஒன்றுக்குக்கூட அவள் தப்பாகத் திறந்ததில்லை. ஒருக்கா கேட்டான்: "தெனம் வேற வண்டி, நாந்தான்னு எப்பிடிக் கண்ணு தெரியுது?" "வண்டி வேறப்பா. பிரேக்கு நீங்கதானே போடறீங்க." அவனுக்கே தெரியாது தான் எப்படிப் பிரேக் போடுகிறோம் என்று. உலகத்தில் ஒரு உயிர் அவன் கால் மிதிக்கிற மிதியைக் காதால் கேட்டு வைத்திருந்தது. நாள் முழுக்கப் பொய்யும் சண்டையுமாகப் பேசி, தொண்டை கட்டி, எவனையோ ஏமாற்றி எவனிடமோ ஏமாந்து திரும்பும்போது, அந்தத் திருப்பத்தில் கேட் திறந்திருப்பதைப் பார்த்ததும் நெஞ்சில் கட்டியிருந்தது ஏதோ அவிழ்ந்து விழும். தைக்குப் பிறகு கேட் திறக்கவில்லை. ஹாரன் அடித்து, அடித்து, அவனே இறங்கித் திறக்கிறான். நீ கேட்டைத் தொறந்து வெச்சிருந்தாத்தான் கண்ணு எனக்கு வூட்டுக்கு வந்தாப்பல இருக்கும். இதுதான். சொல்லிப் பார்த்தான். பின்னால் ஆனா வருகிறதா என்று காத்திருந்தான். வரவில்லை. மறுபடி சொன்னான். வரவில்லை. பவானிக்காரம்மா ஓரக்கண்ணால் பார்த்தாள், பார்க்கட்டும். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது, மீசையைத் தடவுகிற மாதிரி துடைத்துக்கொண்டான். கதவு திறந்தது. "வாங்க சார்," என்றது ஜெசிந்தா மேடம்.

உள்ளே மிதுனா ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். இவ்வளவு நேரம் பேசின வாய் அவனைப் பார்த்ததும் மூடிக்கொண்டது, அது அவனுக்குத் தெரிந்தது. கன்னத்து எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. கண்ணுக்குக் கீழே கருப்பு. மெலிஞ்சு போச்சு என்று நாக்கு கிளம்பியது, கடித்துக்கொண்டான். எதிர் நாற்காலியில் உட்கார்ந்தான், நாற்காலியின் ஒரு கால் ஆடியது, அதையும் சொல்லவில்லை. மேடம் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தது. "கண்ணு," என்றான். செருமிக்கொண்டான். "கண்ணு, நான் எந்த வண்டில வந்தாலும் நீ கண்டுபுடிச்சுருவ. கேட்டத் தொறந்து வெச்சுருப்ப. அதப் பாத்தாத்தான் எனக்கு வூட்டுக்கு வந்தாப்பல இருக்கும்." நிறுத்தினான். நின்றுவிட்டது. பின்னால் எதுவும் வரவில்லை. மேடம் மெதுவாக மூச்சு விட்டது கேட்டது. மிதுனா அவன் முகத்தைப் பார்த்தாள். ரொம்ப நாளைக்கப்புறம் நேராகப் பார்த்தாள். பார்வையில் கோபம் இல்லை, வருத்தம்கூட இல்லை. அவனே ஒரு வண்டியைச் சுற்றி வந்து பார்ப்பானே, எங்கே என்ன மறைத்திருக்கிறது என்று, அந்த நிதானம். பிறகு கேட்டாள், "எப்பப்பா?"

"என்ன கண்ணு எப்ப?"

"பல்லடத்து அத்தை வூட்டுக்குத்தானே? எப்பன்னு சொல்லீட்டாப் போதுமுங்கப்பா. துணியெல்லாம் எடுத்து வெச்சுக்கறேன்."

"ஆரு சொன்னா? நான் அப்பிடிச் சொன்னனா? நல்லதாத்தானே கண்ணு சொன்னேன்."

"நீங்க நல்லதாச் சொன்னா அது போற வண்டிதானேப்பா," என்றாள் மிதுனா. குத்திக்காட்டுகிற மாதிரி இல்லை. தெரிந்த கணக்கை ஒப்பிக்கிற மாதிரி, அவனுக்குக் கஷ்டம் வேண்டாம் என்று தானே எடுத்துக்கொடுக்கிற மாதிரி சொன்னாள். அவனுக்கு உடம்பெல்லாம் சூடு ஏறியது, கத்த வேண்டும் போலிருந்தது, யாரைப் பார்த்துக் கத்துவது. "இல்ல சாமி, இல்ல. ஆருக்கும் குடுக்கல. எங்கீம் போகோண்டாம். அப்பா நெஞ்சிலிருந்து சொல்றேன்," என்று முன்னால் சாய்ந்தான், வார்த்தை ஒன்றின்மேல் ஒன்று விழுந்தது, குரல் தானாகக் குழைந்து இறங்கியது, கை தானாகப் போய் இருவருக்கும் நடுவே இருந்த மேசைமேல் அகல விரிந்து உட்கார்ந்தது. "சத்தியமா," என்றான். சொன்ன பிறகுதான் கேட்டது, அந்தக் குரல் யாருடைய குரல் என்று. வாங்க வந்த பார்ட்டி பாதி மனசாக நிற்கும்போது வண்டியின் பானெட்மேல் இப்படித்தான் உள்ளங்கையை விரித்து வைப்பான், இதே குழைவில்தான் சத்தியம் செய்வான், தினம் ஒரு வண்டிக்காவது. பக்கத்தில் டயர்மேல் உட்கார்ந்து ஒரு சின்னப் பிள்ளை வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருக்கும்.

மிதுனா அந்தக் கையைப் பார்த்தாள்.

"சரிங்கப்பா," என்றாள். சிரித்தாள்.